மைனஸ் எண்ணுக்கு அடுக்கு போட்டால் என்ன விடை வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

-2**2. மொத்தம் ஐந்து குறிகள்தான். இதைப் பைத்தானில் தட்டினால் -4 வரும். லினக்ஸ் டெர்மினலில் பேஷ் கணக்குக்குள் போட்டால் 4 வரும். ஜாவாஸ்கிரிப்டில் விடையே வராது, எரர்தான் வரும். புரோகிராமிங் கற்பவர்களும், ஸ்பிரெட்ஷீட்டோடு மல்லுக்கட்டுபவர்களும், அனுபவம் உள்ளவர்களும்கூட இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.  ** என்பதோ ^ என்பதோதான் பல மொழிகளில் 'அடுக்கு' என்பதற்கான குறி. எங்கே அப்படி இல்லையோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

ஒரே வரிக்கு எப்படி மூன்று விடை வர முடியும்?

மைனஸ் குறி இரண்டு வேலை செய்வதால்தான். 'வெப்பநிலை -2 டிகிரி' என்று எழுதும்போது மைனஸ் அந்த எண்ணின் உடம்போடு ஒட்டியது. -எக்ஸ் என்று எழுதும்போது அது ஒரு செயல்: 'எக்ஸ் எதுவோ, அதன் குறியை மாற்று' என்று பொருள். தாளில் இரண்டுக்கும் ஒரே கோடுதான் போடுகிறோம். விசைப்பலகையிலும் ஒரே விசைதான்.

ஆகவே -2**2 என்பதைப் படிக்கும் மொழி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மைனஸ் 2-ஓடு ஒட்டியது என்று எடுத்தால் (-2)**2, விடை 4. முதலில் அடுக்கைப் போட்டுவிட்டு அப்புறம் குறியை மாற்று என்று எடுத்தால் -(2**2), விடை -4. இரண்டுமே தர்க்கத்துக்கு முரணானவை அல்ல. மொழியை வடிவமைத்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்குப் பாடத்தின்படி எது சரி?

-4. பள்ளியில் -எக்ஸ்² என்பதன் வரைபடம் வரைந்திருப்பீர்கள். அது கீழ்நோக்கித் திறக்கும் பரவளையம். எக்ஸ் இருக்கும் இடத்தில் 2 போட்டால் -4 வந்தால்தான் அது கீழே போகும். அதாவது அடுக்குதான் முதலில், குறி மாற்றம் பிறகு.

போட்மாஸ் விதியை வைத்து இதைத் தீர்க்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. போட்மாஸில் வரும் மைனஸ் கழித்தல். அதற்கு இரண்டு பக்கமும் எண் வேண்டும். இங்கே இருப்பது ஒற்றை மைனஸ். அதை எங்கே வைப்பது என்று போட்மாஸ் சொல்வதே இல்லை. குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எந்தெந்த மொழி எந்தப் பக்கம்?

கணக்குப் பாடத்தின் பக்கம் நிற்பவைதான் அதிகம். 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் தொடங்கி பைத்தான், ரூபி, பெர்ல், பிஎச்பி, லுவா, ஆர், மேட்லேப், ஜூலியா, ஹாஸ்கெல், அடா எல்லாவற்றிலும் -4.  ** என்ற குறியே ஃபோர்ட்ரானிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்துத் துளை அட்டையில் எண்ணை மேலே தூக்கி எழுத வழியில்லை.

எதிர்ப்பக்கத்தில் எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய ஸ்பிரெட்ஷீட்டுகள், பேஷ், யூனிக்ஸில் உள்ள பிசி என்ற கணக்கு நிரல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இவை எல்லாவற்றிலும் ஒற்றை மைனஸ்தான் முதலில் ஒட்டும், விடை 4.

போஸ்ட்கிரெஸில் கூடுதலாக ஒன்று. அடுக்கின் மேல் அடுக்கு போட்டால் அது இடமிருந்து வலமாகப் போகும். 2^3^2 என்றால் 8-இன் வர்க்கம், 64. எக்செல்லும் மேட்லேபும் அப்படியே. பைத்தானில் 2**3**2 என்பது 2-இன் ஒன்பதாவது அடுக்கு, 512. ஃபார்முலாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அப்படியே ஒட்டுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

பைத்தானில் மணி வடிவ வளைகோடு சரியாக வந்தது. அதே ஃபார்முலாவை எக்செல்லில் போட்டால் கிண்ணம் மாதிரி வருகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது. புள்ளியியல் படிக்கும் எல்லாருக்கும் தெரிந்த இயல்நிலைப் பரவலில், 'ஈ'-இன் அடுக்கில் மைனஸ் எக்ஸ் வர்க்கம் வரும். நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிந்து பூஜ்ஜியத்தை நெருங்கும்.

ஏ1 செல்லில் 2 இருக்கிறது என்று வையுங்கள். ஈஎக்ஸ்பி ஃபங்ஷனுக்குள் -ஏ1^2 என்று எழுதுகிறீர்கள். எதிர்பார்ப்பது 'ஈ'-இன் -4-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.0183. எக்செல் முதலில் ஏ1-ஐ -2 ஆக்கி, அதை வர்க்கம் ஆக்கி, 4-ஐ அடுக்கில் வைக்கிறது. விடை சுமார் 54.6. எக்ஸ் 3 ஆனால் இன்னும் மோசம்: 0.00012 வர வேண்டிய இடத்தில் 8103 வரும். நடுவில் எக்ஸ் பூஜ்ஜியமாக இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு வழியிலும் 1. அதனால்தான் நடுவில் பள்ளமும் இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவருமாக ஒரு கிண்ணம் கிடைக்கிறது.

வரைபடம் போட்டுப் பார்த்ததால் உங்களுக்குத் தெரிந்தது. வரைபடம் இல்லாமல் அந்த எண்களைக் கூட்டி, சராசரி எடுத்து, இன்னொரு ஷீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஒரு எச்சரிக்கைகூட வந்திருக்காது. எரர் காட்டும் மொழியைவிட, தப்பான விடையை அமைதியாகக் கொடுக்கும் இடம்தான் எனக்குப் பயம்.

தீர்வு எளிது. -(ஏ1^2) என்று அடைப்புக்குறி போடுங்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: =5-2^2 என்றால் எக்செல்லிலும் 1 சரியாகத்தான் வரும், ஏனென்றால் அங்கே இருப்பது கழித்தல். =-2^2+5 என்று இடம் மாற்றி எழுதினால் 9. தாளில் இரண்டும் ஒன்றே. செல்லுக்குள் ஒன்று அல்ல.

எக்செல்லுக்குள்ளேயே எழுதும் மேக்ரோவிலும் இப்படித்தானா?

இல்லை! விபிஏ மேக்ரோவில் -2^2 என்பது -4. ஒரே ஃபைல், செல்லில் ஒரு விடை, அதன் பின்னால் இருக்கும் மேக்ரோவில் வேறு விடை. செல்லில் சரிபார்த்த ஃபார்முலாவை மேக்ரோவுக்கு மாற்றும்போது அடைப்புக்குறி கட்டாயம் போட்டுவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் ஏன் எரர் காட்டுகிறது?

வேண்டுமென்றே வைத்த எரர் அது. ஜாவாஸ்கிரிப்டுக்கு  ** குறி 2016 பதிப்பில்தான் வந்தது. அதற்குள் மற்ற மொழிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. எந்தப் பக்கம் போனாலும் பாதிப் பேர் ஏமாறுவார்கள். எனவே -2 ** 2 என்று எழுதுவதையே தடை செய்துவிட்டார்கள். (-2) ** 2 என்றோ -(2 ** 2) என்றோ எழுதினால்தான் ஓடும். அடுக்கில் மைனஸ் வந்தால் குழப்பம் இல்லை என்பதால் 2 ** -1 செல்லும், விடை 0.5.

முதல் தடவை இந்த எரரைப் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்பு. எனக்கோ இந்த முடிவு மிகவும் பிடிக்கும். எழுதுபவரிடமே 'நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பது, ஊகித்து ஒரு விடை தருவதைவிட நேர்மையானது.

பைத்தானில் -2**2 என்றால் -4. ஆனால் ஒரு வேரியபிளில் -2 வைத்து அதற்கு **2 போட்டால் 4. பைத்தானில் பிழையா?

பிழை இல்லை. வேரியபிளுக்குள் போனபோதே மைனஸ் மதிப்பின் பாகமாகிவிட்டது. அதற்கு அப்புறம் பிரிக்க எதுவும் இல்லை. நேரடியாக எழுதும்போது பைத்தானுக்கு -2 என்ற எண்ணே கிடையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்: 2 என்ற எண்ணும், அதன் முன் ஒரு குறி மாற்றமும்தான் இருக்கின்றன.  ** அந்தக் குறி மாற்றத்தைவிட இறுக்கமாக 2-ஐப் பிடித்துக்கொள்கிறது.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வேரியபிள் வைத்து எழுதிய ஃபார்முலாவைச் சரிபார்க்க, வேரியபிள் இருந்த இடத்தில் கையால் -2 என்று தட்டிப் பார்ப்போம். விடை மாறும். அப்புறம் ஃபார்முலாவில் தப்பு என்று நினைத்து, சரியாக இருந்ததைக் கெடுப்போம். எண்ணைப் பதிலுக்கு வைக்கும்போது (-2) என்றே வையுங்கள்.

சி மொழியில் -2^2 போட்டேன், -4 வந்தது. அப்படியென்றால் சி கணக்குப் பாடத்தின் பக்கமா?

தற்செயல். சி, சி++, ஜாவா, சி ஷார்ப் ஆகியவற்றில் ^ அடுக்கே அல்ல. அது பிட்டுகளை ஒப்பிடும் எக்ஸார். இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். -2-ஐக் கணினி 111…1110 என்று வைத்திருக்கிறது. 2 என்பது 000…0010. எக்ஸார் போட்டால் 111…1100. அது -4. சரியான விடை மாதிரியே தெரியும் தப்பு விடை! -3^2 போட்டுப் பாருங்கள்: -9-ம் வராது, 9-ம் வராது, -1 வரும். 2^3 போட்டால் 8-க்குப் பதில் 1.

மைஎஸ்கியூஎல்லிலும் ^ எக்ஸார்தான். அங்கே பிட் கணக்கு குறி இல்லாத 64 பிட்டில் நடப்பதால் -2^2-க்கு 18446744073709551612 என்று இருபது இலக்க எண் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்கியூஎல்லுக்கு க்வெரியை மாற்றும்போது இது கடிக்கும்.

இந்த மொழிகளில் அடுக்குக்கு பவ் என்ற ஃபங்ஷன் உண்டு. முதலில் அடிமானம், ஒரு காற்புள்ளி, பிறகு அடுக்கு. பவ்(-2, 2) என்றால் சந்தேகமே இல்லை, 4.

ஃபங்ஷனாக எழுதினால் குழப்பமே வராதா?

பெரும்பாலும் வராது. ரஸ்ட் மொழியில் மட்டும் கவனம். அங்கே எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்து பவ் எழுத வேண்டும். எண்ணின் வகையையும் சேர்த்து -2_i32 என்று தொடங்கி புள்ளி பவ்(2) என்று முடித்தால் -4 வரும், ஏனென்றால் புள்ளி மைனஸைவிட இறுக்கமானது. மட்டு மதிப்பு எடுக்கும் ஃபங்ஷனிலும் இதே கதை. ரஸ்டில் -2_i32-க்குப் பின் புள்ளி வைத்து மட்டு மதிப்பு கேட்டால் -2 வரும். ரூபியில் அதே மாதிரி எழுதினால் 2 வரும். ஆனால் அதே ரூபியில் -2 ** 2 என்றால் -4. ஒரு மொழிக்குள்ளேயே மைனஸ் ஓரிடத்தில் எண்ணோடு ஒட்டுகிறது, இன்னோரிடத்தில் பிரிகிறது.

இந்தக் குழப்பமே இல்லாத மொழி உண்டா?

உண்டு. ஏபிஎல் மொழியில் மைனஸ் எண்ணுக்குத் தனிக் குறி வைத்தார்கள். எண்ணின் தலைக்கு அருகே உயர்த்தி எழுதும் சிறு கோடு: ¯2. குறி மாற்றும் செயலுக்கு வழக்கமான கோடு. ஏபிஎல்லில் * என்பது அடுக்கு. ¯2*2 என்றால் 4. -2*2 என்றால் -4. இரண்டும் பார்வையிலேயே வேறு. லிஸ்ப் குடும்பத்தில் எல்லாமே அடைப்புக்குறிக்குள் வருவதால் இந்தக் கேள்வியே எழாது. இருந்தாலும் பழக்கம் என்பது பெரிய சக்தி. உலகம் ஒரே கோட்டோடு தங்கிவிட்டது.

அடுக்கு மைனஸாக இருந்தால்? 2**-1 என்ன?

கணக்கில் தலைகீழி: ½. இங்கே மொழிகளுக்கு வேறொரு தர்மசங்கடம். முழு எண்ணையும் முழு எண்ணையும் கொடுத்தால் முழு எண்ணே திரும்ப வர வேண்டும் என்பது பல மொழிகளின் ஒழுங்கு. ½ அந்த ஒழுங்கை உடைக்கிறது.

பைத்தான் தசம எண்ணுக்குத் தாவி 0.5 தரும். ரூபி இன்னும் அழகாக (1/2) என்று பின்னமாகவே தரும். ஃபோர்ட்ரானில் 2**(-1) பூஜ்ஜியம். முழு எண் வகுத்தலில் 1-ஐ 2-ஆல் வகுத்தால் பூஜ்ஜியம்தானே என்ற கணக்கு. ஃபோர்ட்ரானில் எழுதிய பழைய அறிவியல் நிரலைப் பைத்தானுக்கு மாற்றுபவர்கள் இந்த ஒரு வரியில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளலாம்.

பைத்தானின் நம்பை நூலகத்தில் முழு எண் அரேவுக்கு (எண்களின் வரிசைக்கு) மைனஸ் முழு எண் அடுக்கு போட்டால், முழு எண்களுக்கு மைனஸ் அடுக்கு அனுமதி இல்லை என்று எரர் வரும். சாதாரணப் பைத்தான் எண்ணுக்கு ஓடும் வரி, அரேவுக்கு ஓடாது. அரேவைத் தசம எண்ணாக மாற்றிவிட்டால் போதும். ஹாஸ்கெல்லில் அடுக்குக்கு மூன்று ஆபரேட்டர்கள்: ^ முழு எண் அடுக்குக்கு (மைனஸ் கூடாது), ^^ மைனஸ் முழு எண் அடுக்கையும் ஏற்கும்,  ** தசம எண்களுக்கு. ரஸ்டில் முழு எண்ணுக்கான பவ், குறி இல்லாத எண்ணைத்தான் அடுக்காக ஏற்கும். மைனஸ் கொடுத்தால் கம்பைலரே விடாது. ஜாவாஸ்கிரிப்டில் மிகப் பெரிய முழு எண்களுக்கென்று உள்ள பிக்இன்ட் வகையிலும் மைனஸ் அடுக்கு எரர்தான்.

இதில் ஜூலியா தனி ரகம். 2^-1 என்று நேராக எழுதினால் 0.5. அந்த -1-ஐ ஒரு வேரியபிளில் வைத்து 2-க்கு அடுக்காகப் போட்டால் எரர். கோடிலேயே எழுதப்பட்ட அடுக்கை அது தனியாகக் கையாள்கிறது.

-8-இன் கனமூலம் -2 தானே? (-8)**(1/3) போட்டால் ஏன் -2 வரவில்லை?

இதுதான் எல்லாவற்றிலும் சுவாரசியமான கேள்வி. முதலில் என்ன வருகிறது என்று பார்ப்போம். பைத்தான் 3-இல் சுமார் 1 + 1.732ஐ என்று ஒரு கலப்பெண் வரும் ('ஐ' என்பது -1-இன் வர்க்கமூலம்). ரூபி, மேட்லேப் ஆகியவற்றிலும் அதே. ஜாவாஸ்கிரிப்ட், ஆர், சி, கோ ஆகியவற்றில் 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் நேன் வரும். ஜூலியாவில் எரர். போஸ்ட்கிரெஸும் எரர் காட்டும். மைனஸ் எண்ணை முழு எண் அல்லாத அடுக்குக்கு உயர்த்தினால் கலப்பெண் வரும் என்று காரணத்தையும் அந்த எரரிலேயே சொல்லிவிடும். பைத்தான் 2 எரர்தான் காட்டிக்கொண்டிருந்தது.

-2 ஏன் இல்லை? கம்ப்யூட்டருக்கு 1/3 தெரியாது என்பதுதான் காரணம். நாம் 1/3 என்று எழுதினாலும் உள்ளே சேமிக்கப்படுவது

6004799503160661 / 18014398509481984

என்ற பின்னம். கீழே இருப்பது 2-இன் 54-ஆம் அடுக்கு. கணினியின் தசம எண்கள் எல்லாமே இப்படித்தான்: முழு எண்ணாக இல்லாவிட்டால் கீழே 2-இன் ஏதோ ஒரு அடுக்குதான் இருக்கும். இப்போது கணக்குப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பின்ன அடுக்கின் கீழ் எண் எத்தனையாவது மூலம் என்பதைச் சொல்கிறது. கீழ் எண் ஒற்றைப்படை என்றால் மைனஸ் எண்ணுக்கு மெய்யெண் மூலம் உண்டு. இரட்டைப்படை என்றால் கிடையாது, -4-க்கு வர்க்கமூலம் இல்லாதது போல. 18014398509481984 இரட்டைப்படை. நீங்கள் கேட்டது கனமூலம். கம்ப்யூட்டரின் காதில் விழுந்தது மைனஸ் எட்டின் ஓர் இரட்டைப்படை மூலம். அதற்கு மெய்யெண்ணில் விடை இல்லை என்று அது சொல்வது முற்றிலும் உண்மை.

அதாவது, முழு எண் அல்லாத எந்தத் தசம அடுக்கைப் போட்டாலும் மைனஸ் எண்ணுக்கு மெய்யெண் விடை கிடைக்க வழியே இல்லை. கணினியின் தசம எண் கணக்குக்கான ஐஇஇஇ 754 என்ற தரம் இதற்கு 'செல்லாத செயல்' என்று சொல்லி நேன் தரச் சொல்வதும் இதனோடு பொருந்திப்போகிறது. முதன்முதலில் இந்தப் பின்னத்தை விரித்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அதுவரை இதை மொழியின் குறை என்றே நினைத்திருந்தேன்.

சரி, 1 + 1.732ஐ எங்கிருந்து வருகிறது?

-8-க்கு மூன்று கனமூலங்கள் உண்டு: -2, 1 + 1.732ஐ, 1 - 1.732ஐ. கலப்பெண் தளத்தில் -8 என்பது ஆதியிலிருந்து 8 தூரத்தில், 180 பாகைத் திசையில் இருக்கிறது. மடக்கை எடுத்து, மூன்றால் வகுத்து, திரும்ப விரிக்கும்போது தூரம் 2 ஆகும், கோணம் 60 பாகை ஆகும். அந்தப் புள்ளிதான் 1 + 1.732ஐ. முதன்மை மதிப்பு என்பது இதைத்தான். மடக்கை வழியில் போனால் முதலில் வந்து நிற்பது இது. -2 இருப்பது 180 பாகையில், இன்னும் ஒரு மூன்றில் ஒரு சுற்று தள்ளி.

அப்படியானால் -2 வேண்டுமென்றால் என்ன செய்வது?

கனமூலத்துக்கென்றே இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். சி (1999 தரம் முதல்), ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட், கோ, ஜூலியா, நம்பை எல்லாவற்றிலும் சிபிஆர்டி என்ற பெயரில் உண்டு. பைத்தானின் மேத் நூலகத்தில் 3.11 பதிப்பில் வந்தது. மேட்லேபில் என்த்ரூட் என்ற ஃபங்ஷனில் எத்தனையாவது மூலம் என்பதையும் கொடுக்கலாம்.

ஐந்தாவது மூலம், ஏழாவது மூலம் மாதிரி தனி ஃபங்ஷன் இல்லாதவற்றுக்கு: மட்டு மதிப்பை எடுத்து மூலம் கண்டுபிடித்து, கடைசியில் மைனஸைத் திரும்ப ஒட்டுங்கள். ஒற்றைப்படை மூலத்துக்கு மட்டுமே இது பொருந்தும். இரட்டைப்படைக்கு இதைச் செய்தால் இல்லாத விடையை உருவாக்கிவிடுவீர்கள்.

ஜாவாவில் எனக்கு நேனும் வரவில்லை, -2-ம் வரவில்லை. 1.0 வருகிறது!

1/3 என்று எழுதியிருப்பீர்கள். ஜாவாவில் முழு எண் வகுத்தலில் அது பூஜ்ஜியம். எந்த எண்ணுக்கும் பூஜ்ஜிய அடுக்கு 1. சி, ஃபோர்ட்ரான் ஆகியவற்றிலும் இதே பொறி. 1.0/3 என்று மாற்றினால் நேன் வரும், அப்புறம் மேலே சொன்ன சிபிஆர்டிக்குப் போகலாம்.

அடுக்கு 3 தான் கொடுத்தேன். ஆனாலும் நேன் வருகிறது. எப்படி?

அந்த 3 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கணக்குப் போட்டு வந்த 3 என்றால் அது 3 அல்லாமல் இருக்கலாம். 0.1*3*10 என்பதை அச்சிட்டால் 3.0000000000000004 வரும். முழு எண் இல்லை. ஆகவே -2-க்கு அதை அடுக்காகப் போட்டால் ஜாவாஸ்கிரிப்டில் நேன், பைத்தானில் கலப்பெண். அடுக்கு முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால், போடும் முன் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

நேன் ஒட்டிக்கொண்டால் விடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் எண்களில் ஒன்று நேன் என்றாலும் கூட்டுத்தொகை நேன், சராசரி நேன். அது தனக்கே சமம் ஆகாது; எனவே == போட்டுத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு மொழியிலும் அதைக் கண்டறியும் ஃபங்ஷன் உண்டு.

தொடரில் குறி மாறி மாறி வருவதற்கு (-1)**எண் என்று போடலாமா?

கேரளத்தின் சங்கமகிராம மாதவன் 14-ஆம் நூற்றாண்டில் கண்ட, ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரால் அறியப்படும் தொடரை எடுத்துக்கொள்வோம்: 1 - 1/3 + 1/5 - 1/7… போய்க்கொண்டே இருந்தால் π-இல் நான்கில் ஒரு பங்கு. இதை நிரலாக எழுதும்போது தாளில் இருப்பது மாதிரியே (-1)-இன் அடுக்கு போடுவது வழக்கம். விடை சரியாகவே வரும். ஆனால் குறி மாற்ற ஓர் அடுக்குக் கணக்கே தேவையில்லை. ஒரு வேரியபிளில் 1 வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதன் குறியைத் திருப்பினால் போதும்.

ஒற்றையா இரட்டையா என்று பார்த்துக் குறி வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சி, ஜாவாவில் -3-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி -1, பைத்தானில் 1. '1 - 2 × மீதி' என்ற பிரபலமான குறுக்குவழி பைத்தானில் -3-க்கு -1 தரும், சி-யில் 3 தரும். மீதி பூஜ்ஜியமா இல்லையா என்று கேட்பதே எல்லா இடத்திலும் பாதுகாப்பு.

2-இன் 31-ஆம் அடுக்கு முழு எண்ணின் எல்லையைத் தாண்டி வழிகிறது. -2-இன் 31-ஆம் அடுக்கு வழியவில்லை. ஏன்?

32 பிட் முழு எண்ணின் எல்லை -2147483648 முதல் 2147483647 வரை. மைனஸ் பக்கம் ஓர் இடம் அதிகம். (-2)-இன் 31-ஆம் அடுக்கு சரியாக அந்தக் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மிகப் பெரிய அடுக்கில் (-1) எப்படி நடந்துகொள்ளும்?

9007199254740993 ஒற்றைப்படை எண். ஆகவே -1-க்கு அதை அடுக்காகப் போட்டால் -1 வர வேண்டும். பைத்தானில் வரும். ஜாவாஸ்கிரிப்டில் (-1) ** 9007199254740993 என்று போட்டால் 1 வரும். அந்த மொழியின் சாதாரண எண்களால் 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் ஒவ்வொரு முழு எண்ணையும் வைத்திருக்க முடியாது. கடைசி 3, 2 ஆகிவிடுகிறது, இரட்டைப்படை ஆகிவிடுகிறது. பிக்இன்டாக எழுதினால் -1 சரியாக வரும்.

இந்த எல்லைக்கு அப்பால் உள்ள தசம எண்கள் எல்லாமே இரட்டைப்படைதான். சி மொழியின் தரம் இதை இழுத்துக்கொண்டு போய், -1-இன் முடிவிலி அடுக்கும் 1 தான் என்று வைத்திருக்கிறது. பைத்தானும் 1.0 தருகிறது. குறி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று முடிவிலியில் எங்கே நிற்கும் என்று கணக்கு ஆசிரியரிடம் கேட்டால், நிற்காது என்பார். ஜாவாஸ்கிரிப்ட் அவர் பக்கம்: நேன்.